இலையில் தெரியாத இழப்பு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தாவரவியல் பயின்றுகொண்டிருந்த டிமிட்ரி நெல்யூபோவுக்குப் பட்டாணி நாற்றுகள் ஒரு புதிர் போட்டன. ஆய்வகத்தின் இருட்டறையில் முளைத்தவை நெடுக வளராமல் குட்டையாகி, தடித்து, படுக்கைவாட்டில் நீண்டன. அதே விதை வெளிக்காற்றில் முளைத்தபோது நேராக எழுந்தது. வெப்பமா, ஈரமா, ஒளியா என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது அறையின் காற்று மட்டும்தான். சூடேற்றிய காப்பர் ஆக்சைடின் மேல் அந்தக் காற்றைச் செலுத்தி, அதில் கலந்திருந்த ஹைட்ரோகார்பன் வாயுக்களை எரித்துவிட்டு நாற்றுகளுக்குக் கொடுத்தார். பட்டாணி நிமிர்ந்துகொண்டது. விளக்கெரிக்கப் பயன்பட்ட நிலக்கரி வாயுவிலிருந்த எத்திலீன்தான் நாற்றை முடக்கியது என்று 1901இல் அவர் அறிவித்தார்.

எத்திலீன் ஒரு தாவர ஹார்மோன் என்ற பிற்காலக் கண்டுபிடிப்புக்கு அந்த ஆய்வுதான் தொடக்கம் என்று பாடநூல்கள் எழுதும். காற்று மாசு பயிரை என்ன செய்கிறது என்று அளக்க விரும்புவோருக்கு அதில் வேறொரு பாடமும் இருக்கிறது. நெல்யூபோவ் மாசைத் தனியே அளக்கவில்லை. அதே அறையில், அதே விதைக்கு, மாசு நீக்கிய காற்றைக் கொடுத்து ஒப்பிட்டார். அடுத்த நூறாண்டில் லீட்ஸ் முதல் லாகூர் வரை நடந்த ஆய்வுகள் எல்லாம் அந்த ஒப்பீட்டை வயலுக்குக் கொண்டுவரும் முயற்சிகளே.

காற்றில் என்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அந்த வாயுவால் ஒரு நாற்று எவ்வளவு வளர்ச்சியை இழந்தது என்பதைக் கருவியால் சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு நாற்று வேண்டும்: அதே விதை, அதே மண், அதே நீர், அதே வெயில், காற்று மட்டும் சுத்தம். இன்றைய உலகில் கிடைப்பதற்கு அரிதானது அந்தச் சுத்தமான காற்றுதான். இந்தத் துறையின் வரலாறே அதைத் தேடிய வரலாறுதான்.

கூட்டு வட்டியில் வளரும் நாற்று

முதிர்ந்த பயிரை விட்டுவிட்டு நாற்றை ஏன் அளக்க வேண்டும்? செலவும் காலமும் குறைவு என்பது ஒரு காரணம். சிறிய இடத்தில் நூற்றுக்கணக்கான நாற்றுகளை வளர்க்கலாம், மூன்று நான்கு வாரங்களில் விடை கிடைத்துவிடும். இதைவிட முக்கியமான காரணம், நாற்று வளரும் விதம்.

பிரிட்டிஷ் தாவரவியலாளர் வி. எச். பிளாக்மன் 1919இல் எழுதிய கட்டுரையில் தாவர வளர்ச்சியைக் கூட்டு வட்டியோடு ஒப்பிட்டார். இன்று உருவான இலை நாளை உணவு தயாரிக்கிறது, அந்த உணவிலிருந்து மேலும் இலை உருவாகிறது. முதல் பெருகப் பெருக வட்டியும் பெருகும். எனவே ஒரு நாற்றின் திறனை அதன் உயரத்தைக் கொண்டு அளப்பதைவிட, இருக்கும் எடையில் ஒரு நாளைக்கு எத்தனை பங்கு புதிதாகச் சேர்க்கிறது என்று அளப்பதே சரி. இதைச் சார்பு வளர்ச்சி வீதம் என்பார்கள். இரண்டு தேதிகளில் உலர் எடை எடுத்து, அவற்றின் இயல் மடக்கைகளின் வேறுபாட்டை இடைப்பட்ட நாள்களால் வகுத்தால் அந்த வீதம் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தமான காற்றில் ஒரு நாற்றின் வளர்ச்சி வீதம் நாளொன்றுக்கு 0.20 என்றும், மாசுக் காற்றில் 0.18 என்றும் வைத்துக்கொள்வோம். வீதத்தில் குறைவு 10 விழுக்காடுதான். 20 நாள் கழித்து முதல் நாற்று தொடக்க எடையைப் போல் ஏறத்தாழ 55 மடங்கு இருக்கும். இரண்டாவது 37 மடங்குதான். எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! அன்றாடம் கண்ணுக்குப் படாத சிறு குறைவு மூன்று வாரத்தில் தராசுக்குத் தெரிகிற இழப்பாகிவிடுகிறது. நாற்றங்காலில் நெல் வழக்கமாக நிற்பதும் மூன்று நான்கு வாரங்கள்தான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முளைத்த முதல் சில நாள்களில் நாற்று விதையிலிருக்கும் சேமிப்பை உண்டே வாழ்கிறது. அவரை, பட்டாணி போன்ற பெரிய விதைகளில் சேமிப்பு அதிகம் என்பதால், காற்றின் பாதிப்பு தாமதமாகத்தான் வெளிப்படும். முள்ளங்கி, கீரை போன்ற சிறு விதைப் பயிர்களில் சீக்கிரம் தெரிந்துவிடும். முளைப்பு விழுக்காட்டை மட்டும் எண்ணிவிட்டு மாசால் பாதிப்பில்லை என்று முடிவு கட்டும் ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். ஓசோன், கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் பெரும்பாலும் இலைத்துளை வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. இலை விரியும்வரை அவற்றுக்கு வாசலே இல்லை.

தராசில் ஏறுவது எது?

நாற்றின் உயரத்தை அளவுகோலால் அளப்பது எளிது, ஆனால் ஏமாற்றக்கூடியது. நிழலில் நின்ற நாற்று நோஞ்சானாக நெடிது வளரும். பச்சை எடையும் நம்பத்தக்கதன்று; காலையில் நீர் ஊற்றிய தொட்டியும் மாலை வரை காய்ந்த தொட்டியும் வெவ்வேறு எடை காட்டும். அதனால்தான் நாற்றை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேர், தண்டு, இலை எனப் பிரித்து, 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்ப அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுக்கிறார்கள். உலர் எடைதான் இந்தத் துறையின் நாணயம். ஒரு முறை அடுப்புக்குப் போன நாற்றை மறுபடி அளக்க முடியாது என்பதால், முதல் தேதிக்கு ஒரு கூட்டம், இரண்டாம் தேதிக்கு இன்னொரு கூட்டம் என்று தொடக்கத்திலேயே கூடுதலாக நட்டுவைக்க வேண்டும்.

இந்த வேலையில் பலரும் சலித்துக்கொள்ளும் பகுதி வேரைக் கழுவுவது. நுண்ணிய வேர்கள் அறுந்து சல்லடையில் போய்விடும். ஆனாலும் அதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் ஓசோனின் கைவரிசை முதலில் தெரிவது வேரில்தான். அடிபட்ட இலை தன்னைச் சரிசெய்துகொள்ளத் தயாரித்த உணவைத் தானே வைத்துக்கொள்கிறது. கீழே அனுப்பும் பங்கைக் குறைத்துவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் டிங்கி குழுவினர் முள்ளங்கியைக் குறைந்த அளவு ஓசோனில் வாரக்கணக்கில் வளர்த்துப் பார்த்தபோது, இலையைவிடக் கிழங்கு பல மடங்கு அதிகமாகச் சுருங்கியது. மேலே பசுமையாக நிற்கும் செடியின் கீழே வேர் இளைத்திருக்கும். அடுத்து ஒரு வறட்சி வந்தால் அந்தச் செடி தாங்காது. எனவே வேருக்கும் தண்டுக்கும் உள்ள எடை விகிதம் இத்தகைய ஆய்வுகளில் தவறாமல் இடம்பெறுகிறது.

நாற்றைக் கொல்லாமல் அளக்கும் வழிகளும் உண்டு. இலையைக் கவ்விப் பிடித்துப் பச்சையத்தை மதிப்பிடும் கைக்கருவி இருக்கிறது. இருட்டில் வைத்த இலைமேல் திடீரென ஒளி பாய்ச்சி, பச்சையம் திருப்பி உமிழும் ஒளிர்வை அளக்கும் கருவியும் இருக்கிறது. நலமான இலையில் இந்த ஒளிர்வு விகிதம் 0.83ஐ ஒட்டி நிற்கும்; ஒளிச்சேர்க்கையின் அமைப்பு சேதப்பட்டால் இறங்கும். இலையை 80 விழுக்காடு அசிட்டோனில் அரைத்து 645, 663 நானோமீட்டர் அலைநீளங்களில் பச்சையத்தை அளக்கும் ஆர்னானின் 1949ஆம் ஆண்டு முறை இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் நடக்கிறது. இவை எல்லாம் காரணத்தை விளக்க உதவும் துணை அளவுகள். எவ்வளவு இழந்தோம் என்ற கேள்விக்குப் பதில் தராசில்தான்.

புள்ளியில்லாத காயம்

ஆரம்பகால ஆய்வாளர்கள் தராசைவிடக் கண்ணையே நம்பினார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிரெயில் என்னும் ஊரிலிருந்த உருக்காலையின் கந்தகப் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே எல்லை தாண்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விவசாயிகளின் நிலங்களில் இறங்கியது. இரு நாடுகளும் அமைத்த நடுவர் மன்றம் 1938இலும் 1941இலும் தீர்ப்பளித்தது. பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூல வழக்காக அது இன்றும் படிக்கப்படுகிறது. அந்த வழக்கையொட்டிக் குதிரைமசால் பயிரின் மேல் கந்தக டை ஆக்சைடைச் செலுத்தி விரிவான ஆய்வுகள் நடந்தன. இலையில் எத்தனை பங்கு வெளுத்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் இழப்பு, இலை வெளுக்காவிட்டால் இழப்பில்லை என்பது அக்காலத்தில் ஒரு தரப்பின் வாதம். இழப்பீடு கொடுக்க வேண்டிய ஆலைகளுக்கு அது வசதியான வாதமும்கூட.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜே. கே. ஏ. பிளீஸ்டேல் 1950களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். இரண்டு கண்ணாடி வீடுகள். ஒன்றுக்கு நகரின் காற்று அப்படியே, மற்றதற்கு நீரால் கழுவிய காற்று. இரண்டிலும் ரை புல் வளர்த்தார். நகரக் காற்றில் வளர்ந்த புல்லின் இலையில் குறிப்பிடத்தக்க காயம் எதுவும் இல்லை. எடை மட்டும் குறைந்திருந்தது. 1952இல் நேச்சர் இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு, கண்ணுக்குத் தெரியாத காயம் என்ற கருத்துக்கு வலுவான சான்றாக நின்றது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்த ஒரு காயம் புதிய மாசு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 1944 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுவட்டாரத்தில் கீரை, லெட்யூஸ் போன்ற இலைப்பயிர்களில் இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் மினுங்கிக் கருகியது. அறியப்பட்ட எந்த நோயும் அதற்குப் பொருந்தவில்லை. கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் இதில் இறங்கினார். பெட்ரோல் ஆவியோடு ஓசோனைக் கலந்து ஐந்து வகைப் பயிர்களின் மேல் செலுத்தினார்: பசலைக் கீரை, சர்க்கரை பீட்ரூட், என்டைவ், குதிரைமசால், ஓட்ஸ். வயலில் கண்ட அதே காயம் அறைக்குள் தோன்றியது. வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்று அவர் நிறுவினார். எந்தக் குழாயிலிருந்தும் நேரடியாக வெளிவராத ஒரு மாசைக் கண்டுபிடிக்க உதவிய முதல் சாட்சிகளில் கீரைச் செடியும் ஒன்று.

இலைக்காயத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் மையத்தோடு தொடர்புடைய பெல்-டபிள்யூ3 என்னும் புகையிலை ரகம் ஓசோனுக்கு மிக எளிதில் புள்ளி விழும் ரகம். அதையும், ஓசோனைத் தாங்கும் பெல்-பி ரகத்தையும் அருகருகே வைத்தால், கருவியில்லாத ஊரிலும் ஓசோன் வந்துபோனதை அறியலாம். வந்தது என்று அது சொல்லும்; எவ்வளவு விளைச்சலைத் தின்றது என்று சொல்லாது.

ஊர் ஊராகத் தொட்டிகள்

சுத்தமான காற்றைச் செய்ய முடியாவிட்டால், அது இருக்கும் இடத்துக்குச் செடியைக் கொண்டுபோகலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சார்லஸ் க்ரௌதரும் ஆர்தர் ரஸ்டனும் 1911இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறைக்கு முன்னோடி. நிலக்கரிப் புகை சூழ்ந்த ஆலைப் பகுதியிலும், நகரின் ஓரத்திலும், அதற்கு அப்பாலும் லெட்யூஸ், முள்ளங்கி போன்ற பயிர்களை வளர்த்து ஒப்பிட்டார்கள். ஆலைகளை நெருங்க நெருங்கச் செடி சிறுத்தது.

வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மதுலிகா அகர்வால் தலைமையிலான குழு இதே முறையை இந்திய நிலைமைக்குக் கொண்டுவந்தது. நகரிலும் அதைச் சுற்றியுள்ள காய்கறி விளையும் கிராமங்களிலும், ஒரே மண் நிரப்பிய தொட்டிகளில் பாசிப்பயறு, பாலக் கீரை, கடுகு, கோதுமை ஆகியவற்றை வளர்த்து, ஒவ்வோர் இடத்திலும் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் மூன்றையும் அளந்தார்கள். மாசு மிகுந்த இடங்களில் உயிர்த்திணிவும் விளைச்சலும் குறைந்தன. பெருநகரங்களின் ஓரத்தில் கீரை பயிரிட்டு அன்றாடம் சந்தைக்கு அனுப்பும் சிறு விவசாயியின் நிலம்தான் காற்று மாசின் முன்வரிசை என்பதை இந்தியாவில் எண்களோடு காட்டியவை இத்தகைய ஆய்வுகளே.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. நகரம் என்றால் மாசு, கிராமம் என்றால் சுத்தம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது. 2003இல் ஜில்லியன் கிரெக் குழுவினர் நியூயார்க் நகரிலும் அதைச் சுற்றிய கிராமப்புறங்களிலும் ஒரே மரபினக் காட்டன்வுட் மரத் துண்டங்களை நட்டுப் பார்த்தார்கள். நகரில் வளர்ந்தவை கிராமத்தில் வளர்ந்தவற்றைவிட இரு மடங்கு பெரிதாக இருந்தன! மண், வெப்பம், பிற வாயுக்கள் என ஒவ்வொன்றாகச் சோதித்த பின் மிஞ்சிய காரணம் ஓசோன். நகரின் வாகனங்கள் கக்கும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்றுவிடுகிறது. காற்றோடு நகர்ந்து வெயிலில் வினை தொடரும்போது, நகரத்துப் புகை கிராமத்தில் ஓசோனாக இறங்குகிறது. பயிர் நிற்பதும் அங்கேதான்.

கூரையில்லாத அறை

சுத்தமான காற்றை வயலுக்கே கொண்டுவர, மேல்மூடியில்லாத உருளை வடிவ அறை 1973இல் அறிமுகமானது. வட கரோலினாவின் ராலே நகரில் ஆலன் ஹீகிள் குழு வடிவமைத்த அறையின் விட்டம் 3 மீட்டர், உயரம் 2.4 மீட்டர்; அலுமினியச் சட்டத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சுவர். அடியிலிருந்து மின்விசிறி காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று தூசு வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் கடந்து வந்தால் ஓசோன் பெருமளவு நீங்கியிருக்கும். பக்கத்து அறைக்கு வடிகட்டாத காற்று. மூன்றாவதில் கூடுதல் ஓசோன். வயலிலேயே, வெயிலிலேயே, சுத்தமான காற்றை உண்டாக்கியாயிற்று.

1980இல் அமெரிக்கா தொடங்கிய தேசியப் பயிர் இழப்பு மதிப்பீட்டு வலையமைப்பு இந்த அறைகளைப் பல மாநிலங்களில் ஒரே விதிப்படி நிறுவியது. சோயா, பருத்தி, நிலக்கடலை போன்றவை ஓசோனுக்கு எளிதில் பணியும், மக்காச்சோளமும் சோளமும் ஓரளவு தாங்கும் என்பது அங்கே தெளிவானது. பாகிஸ்தானின் லாகூருக்கு அருகே இதே வகை அறைகளில் கோதுமையும் நெல்லும் வளர்க்கப்பட்டு 1995இல் முடிவுகள் வெளியாயின. வடிகட்டாத காற்றில் கோதுமை விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. தெற்காசியாவின் காற்றைப் பற்றி வயலிலிருந்து எழுந்த முதல் உரத்த எச்சரிக்கைகளில் அது ஒன்று.

அறைக்கும் குறைகள் உண்டு. உள்ளே வெப்பம் கொஞ்சம் கூடும், ஒளி குறையும், காற்றோட்டம் வேறு, மழையும் பனியும் முழுதாக விழாது. அறையால் வந்த மாற்றத்தை மாசால் வந்ததாகக் கொண்டுவிடக் கூடாது என்பதற்காக, அறையே இல்லாத திறந்த பாத்தி ஒன்றையும் சேர்த்து வளர்க்கிறார்கள். புள்ளியியலில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ஓர் அறைக்குள் 30 தொட்டி வைத்தால் 30 சான்றுகள் கிடைத்துவிட்டதாக நினைப்பது தவறு. காற்று மாறுவது அறைக்கு அறைதான், ஆகவே சான்று ஒன்றுதான். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இந்தப் போலிப் பெருக்கத்தைச் சுட்டிக்காட்டினார். வடிகட்டிய அறை ஒன்று, வடிகட்டாத அறை ஒன்று என்று மட்டும் வைத்து எழுதப்படும் ஆய்வேடுகளைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும்.

மின்சாரம் நாள் முழுதும் கிடைக்காத ஊரில் விசிறிக்கு என்ன செய்வது? எத்திலீன் டையூரியா என்னும் செயற்கைச் சேர்மம் அங்கே கைகொடுத்தது. 1978இல் அறிவிக்கப்பட்ட இந்த மருந்தை மண்ணில் ஊற்றினாலோ இலையில் தெளித்தாலோ செடி ஓசோனின் தாக்குதலிலிருந்து பெருமளவு தப்புகிறது. பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வெறும் நீர். இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாடு ஓசோனின் கணக்கு. லாகூர் பகுதியிலும் வாரணாசியிலும் இந்த முறை நன்கு பயன்பட்டது. காற்றைச் சுத்தம் செய்ய முடியாத இடத்தில் செடிக்குக் கவசம் கொடுத்து ஒப்பிடும் தந்திரம் இது. மருந்துக்கே வளர்ச்சியில் விளைவு உண்டா என்பதைத் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அறையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று முழுத் திறந்தவெளிக்குப் போன ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கிய சோய்ஃபேஸ் திட்டத்தில், சோயா வயலுக்குள் 20 மீட்டர் அகல வளையங்களைப் பதித்து, காற்றடிக்கும் திசைக்கேற்ப ஓசோனை விடுகிறார்கள். சுற்றுப்புற ஓசோனை ஏறத்தாழ 23 விழுக்காடு கூட்டியபோது விளைச்சல் 20 விழுக்காடு சரிந்தது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் கோதுமைக்கும் ஏறக்குறைய இதே அளவு இழப்பு வந்தது. அறைகள் தந்த எண்கள் மிகை என்று ஐயப்பட்டவர்களுக்கு இந்த வளையங்கள் பதில் சொல்லிவிட்டன. ஆனால் வளையத்தால் ஓசோனைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. சுத்தமான காற்று இங்கேயும் இல்லை.

எத்தனை மணி நேரம், எவ்வளவு ஓசோன்?

சராசரி ஓசோன் அளவைச் சொன்னால் பயிருக்கு நேர்ந்தது விளங்காது. இரவில் இலைத்துளை மூடியிருக்கும்போது காற்றில் இருப்பது பெரும்பாலும் கணக்கில் வராது. அதனால் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு கூட்டுக் கணக்கை வகுத்தார்கள்: பகல் நேரத்தில் நூறு கோடியில் 40 பங்குக்கு மேல் எத்தனை பங்கு ஓசோன் இருக்கிறதோ, அதை மணிக்கு மணி கூட்டிக்கொண்டே போவது. கோதுமைக்கு மூன்று மாதத்தில் இந்தக் கூட்டுத்தொகை 3,000 ஆனால் விளைச்சலில் 5 விழுக்காடு போகும் என்பது எல்லை. நாள்தோறும் பத்து மணி நேரம் 55 பங்கு ஓசோன் நிலவினால், ஒரு நாளுக்குச் சேர்வது 150. இருபதே நாளில் மூன்று மாத ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

இந்தியாவில் 2009இல் வகுக்கப்பட்ட காற்றுத் தரநிலை எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 100 மைக்ரோகிராம் ஓசோனை அனுமதிக்கிறது. அது ஏறத்தாழ நூறு கோடியில் 50 பங்கு. மனித நலத்தை எண்ணி வகுத்த அளவுக்குள் காற்று நின்றாலும், பயிருக்கான இழப்புக் கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும்.

இந்தக் கூட்டல் முறைக்கும் அடுத்த கட்டம் வந்துவிட்டது. காற்றில் இருக்கும் ஓசோனை விட்டு, இலைக்குள் நுழைந்த ஓசோனைக் கணக்கிட வேண்டும் என்பதுதான் இப்போதைய போக்கு. நீர் நிறைந்த வயலில் இலைத்துளை அகலத் திறந்திருக்கும், ஓசோன் தாராளமாக உள்ளே போகும். வாடிய பயிர் துளையை மூடிக்கொண்டு தப்பித்துவிடும். நன்றாக நீர் பாய்ச்சி உரமிட்டுப் பேணும் பயிருக்கே அடி அதிகம் என்ற முரண் இதனால்தான் வருகிறது.

ரகங்களிலும் இதே முரண். பெய்ஜிங்கில் திலீப் பிஸ்வாஸ் குழுவினர் 60 ஆண்டுகளில் வெளியான 20 குளிர்காலக் கோதுமை ரகங்களை இளம் பயிராக இருக்கும்போதே ஓசோனில் வளர்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய ரகங்களைவிடப் புதிய ரகங்களே அதிகம் பாதிக்கப்பட்டன. விளைச்சலைக் கூட்டத் தேர்ந்தெடுத்தபோது இலைத்துளையின் திறப்பும் கூடியிருந்தது. அதுவே ஓசோனுக்கும் வழிவிட்டது. இத்தகைய ஒப்பீட்டை அறுவடைவரை காத்திருக்காமல் சில வாரங்களில் முடிக்க முடிந்தது, நாற்றுப் பருவத்தை ஆய்வுக்கு எடுத்ததால்தான்.

நாற்றுச் சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நாற்றில் கண்ட இழப்பு அப்படியே மூட்டையில் குறைவதில்லை. சில பயிர்கள் பின்னர் ஓரளவு ஈடுகட்டிவிடும். கோதுமையில் பூக்கும் காலத்துக்குப் பின், மணி பிடிக்கும்போது வரும் ஓசோன்தான் பெரும் சேதம் செய்கிறது. மாசு என்றாலே எந்த அளவிலும் கேடு என்பதும் சரியன்று. பிரிட்டனில் கந்தகப் புகை குறைந்த பின்னர் எண்ணெய்க் கடுகு வயல்களில் கந்தகப் பற்றாக்குறை தலைகாட்டி, விவசாயிகள் கந்தக உரம் இடவேண்டி வந்தது. எந்த மாசு, எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்தால்தான் அளவீட்டுக்குப் பொருள்.

வாயுவைப் போலத் தூசுக்கும் தனி முறை வேண்டும். அரியலூர் போன்ற சிமெண்ட் ஆலைப் பகுதிகளில் இலைமேல் படியும் தூசு, பனி ஈரத்தில் இறுகிப் பொருக்காகி ஒளியை மறைக்கும். மண்ணில் விழுந்தால் காரத்தன்மையைக் கூட்டும். இரண்டில் எது நாற்றைக் குறுக்கியது? தொட்டி மண்ணை மூடிவிட்டு இலையில் மட்டும் தூசு படியவிட்ட ஒரு கூட்டம், மண்ணில் மட்டும் தூசு கலந்த ஒரு கூட்டம், அன்றாடம் இலை கழுவிய ஒரு கூட்டம் என்று பிரித்து வளர்த்தால்தான் விடை கிடைக்கும்.

கணினியின் கணக்கும் வயலின் கணக்கும்

நாடு தழுவிய இழப்பை மதிப்பிட்ட எண்கள் பல வந்திருக்கின்றன. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த சச்சின் குடே குழுவினர் 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2005 நிலவரத்தில் ஓசோனால் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் நெல்லரிசியையும் இழந்தது. 2014இலேயே ஜெனிபர் பர்னியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனும் புள்ளியியல் முறையில் இன்னொரு கணக்குப் போட்டார்கள். 1980க்குப் பிந்தைய காலநிலை மாற்றமும் மாசும் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கோதுமை விளைச்சலைவிட, 2010இல் கிடைத்தது 36 விழுக்காடு வரை குறைவு. அதில் பெரும்பங்கு ஓசோன், கரித்துகள் போன்ற குறுகிய ஆயுள் மாசுகளுடையது என்பது அவர்கள் முடிவு. 2022இல் டேவிட் லோபெல் குழுவினர் செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பாதியாகக் குறைத்தால் இந்தியப் பயிர் விளைச்சல் 6 முதல் 8 விழுக்காடு வரை உயரலாம் என்று கணித்தார்கள்.

மூன்று கணக்கும் மூன்று வழியில் போடப்பட்டவை. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓசோன் மாதிரிகளில் இவ்வளவு வாயுவுக்கு இவ்வளவு இழப்பு என்று சொல்லும் சமன்பாடுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய வயல்களில், அங்குள்ள ரகங்களில் பிறந்தவை. லிசா எம்பர்சன் குழுவினர் 2009இல் ஆசிய ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, ஆசியக் கோதுமையும் நெல்லும் அந்தச் சமன்பாடுகள் சொல்வதைவிட அதிகமாகவே பாதிக்கப்படுவதாகத் தெரிந்தது. கணினி போடும் கணக்கு நமக்குக் குறைத்துக் காட்டுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. அதைத் திருத்தும் தரவு நம் வயலிலிருந்து, நம் ரகங்களிலிருந்துதான் வர முடியும்.

இந்தியாவின் காற்று கண்காணிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை நகரங்களில் இருக்கின்றன. ஓசோன் இறங்குவதோ பயிர் நிற்கும் கிராமங்களில். புதிதாக நிறுவும் நிலையங்களில் ஒரு பகுதியையாவது நெற்களஞ்சியப் பகுதிகளிலும் காய்கறி விளையும் நகர்ப்புற ஓரங்களிலும் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் சில பத்துத் தொட்டிகளில் உள்ளூர் ரகங்களின் நாற்றுகளை, ஓசோன் கவச மருந்து தந்தும் தராமலும் வளர்த்து நிறுக்கலாம். விதை, தொட்டி, தராசு, வெப்ப அடுப்பு ஆகிய நான்கும் எந்த வேளாண் கல்லூரியிலும் இருக்கின்றன. புதிய ரகம் ஒன்றை வெளியிடுமுன் வறட்சியையும் பூச்சியையும் நோயையும் தாங்குமா என்று பார்ப்பதுபோல், ஓசோனைத் தாங்குமா என்ற நான்கு வார நாற்றுச் சோதனையையும் வேளாண் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும்.